புத்தூர்க் கடல்காரர் சின்னசாமி அவர்களுக்கு, கூடவே நின்று வயிறெரிந்தவன் வாசித்தளிக்கும் மடல்

நகரிக் கரும்புக்காட்டில் பிறந்து நடுக்கடலில் பேர் வாங்கியவரே! பத்தொன்பது வயதுவரை கடலைக் கண்ணால் காணாமல், கண்டபின் இருபத்தாறு ஆண்டுகள் அதைவிட்டுக் கரையேறாதவரே! கடலோரக் காவல் படையின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு, கவிழ்ந்த படகுகளின் கதறலுக்குக் காது கொடுத்து, காற்றையும் கருமேகத்தையும் கண்டு கலங்காத காவலரே! ஊர் திரும்பி ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் எங்கள் புத்தூர் நீர்மீட்பு நிலையத்தின் பொறுப்பேற்று, ஏரியும் குளமும் அருவியும் ஆறுமாகப் பதினைந்து ஆண்டுகள் அலைந்தவரே! கடல் எட்டாத ஊரில் 'கடல்காரர்' என்று பட்டம் வாங்கி, எங்களையெல்லாம் வெறும் குட்டைக்காரர்களாக ஆக்கிவிட்ட அண்ணலே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

சற்றுமுன் தெலுங்கில் ஒரு சன்மானப் பத்திரம், அதாவது பாராட்டு மடல், வாசித்தாயிற்று. அதற்குமேல் தமிழில் எதற்கு என்று மேடையிலுள்ள அதிகாரிப் பெருமக்கள் நினைக்கலாம். போன வாரம் தங்கள் துணைவியார் அம்சவேணி அம்மையார் நிலையத்துக்கே வந்து, "தெலுங்குல படிங்க, நான் வேணான்னு சொல்லல. எனுக்குப் புரியற மாதிரி நம்ம பாஷையில ஒண்ணு படிச்சா இன்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மையாரின் சொல்லைத் தட்ட எங்கள் நிலையத்தில் யாருக்குத் துணிச்சல் உண்டு?

ஆகவே எழுதும் வேலை கோவர்தன் தலையில் விழுந்தது. திருப்பதி மாடவீதியில் பிறந்து, பாசுரம் சேவிக்கும் பெரியவர்களின் பின்னால் நின்று தமிழ் கற்றவன் அவன். மாநில அளவில் நீச்சலில் மூன்று பதக்கம் வாங்கியவன். பதினைந்து ஆண்டுகளாகத் தங்களுக்கு அடுத்த இடத்தில், அடுத்த இடத்திலேயே, துணைப் பொறுப்பாளனாக இருப்பவன். பாராட்டு மடலில் 'நாங்கள்' வரலாம், 'நான்' வரக்கூடாது என்பது முறை. எழுதியதும் வாசிப்பதும் அவனே ஆனாலும், தன்னை 'அவன்' என்றே சொல்லிக்கொள்கிறான். அப்படிச் சொன்னால்தான் சில விஷயங்கள் அவன் வாயிலிருந்து வெளியே வருகின்றன.

வரும் திங்கட்கிழமை முதல் தங்கள் நாற்காலியில் கோவர்தன் அமரவேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. எல்லாருக்கும் அது தெரியும், லட்டும் தின்றாயிற்று. அந்த ஆணைக்குக் காரணம், நான்கு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் எழுதிய ஓர் அறிக்கை. அந்த அறிக்கையில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னால் அவனுடைய நாற்காலி போகும், வேலையே கூடப் போகும். சொல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் இருக்கும் இன்னொருவருக்குப் போனது திரும்பி வராது. இந்த மடல் முடிவதற்குள் அவன் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும்.

அதற்கு முன் புகழ்ச்சி. அதில் குறை வைக்கக்கூடாது.

கடலோடு கடலாய்க் கலந்தொழிய இருந்த கப்பலிலிருந்து ஒன்பது மீனவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தூக்கிவந்த தீரரே! ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் தொங்கி, புயலுக்குள் ஒன்பது முறை இறங்கினீர்கள் என்று தங்கள் பழைய தோழர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தங்களைக் கேட்டால், மேலே நின்று கம்பியை இறக்கி இழுத்த ஆளின் பெயரையும், அவர் ஊரையும், அவர் கை எப்படிப் புண்ணாகிப் போயிற்று என்பதையும் மட்டும் சொல்வீர்கள். வீரத்தைத்தான் எடுத்துக்கொண்டீர்கள், போகட்டும். அடக்கத்தையும் தாங்களே எடுத்துக்கொண்டால் பக்கத்தில் இருக்கிறவன் எதைச் சொல்லிப் பெருமைப்படுவது? கோவர்தன் பதினைந்து வருஷமாக இதைக் கேட்கிறான்.

தங்கள் நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. எருமை குட்டையில் இறங்குவது போல் இறங்குவீர்கள். கையும் காலும் ஒரு அழகில் வராது. பட்டாம்பூச்சி நீச்சலில் பதக்கம் வாங்கிய கோவர்தன் கரையில் நின்று பார்த்து, மனசுக்குள் சிரித்திருக்கிறான். சிரித்து முடிப்பதற்குள் தாங்கள் ஆளோடு திரும்பியிருப்பீர்கள். 

பொறாமைதான். வேறு என்ன பெயர் சொல்வது? பலமனேர் தக்காளிக்காரர் ஒருவர், தன் மகனைக் கிணற்றிலிருந்து எடுத்துக்கொடுத்த நாள் முதல் ஆண்டுக்கு ஆண்டு இரண்டு பெட்டி தக்காளி அனுப்புகிறார், தங்கள் பெயருக்கு. தாங்கள் அதை எல்லார் வீட்டுக்கும் பங்கு போட்டு அனுப்புவீர்கள். கோவர்தனின் இல்லாள் வைஜயந்தி அதில் தொக்கு பண்ணிப் பரிமாறிவிட்டு, "என்ன, தொக்கு இறங்கலையா? தயிர்சாதத்துக்குப் பொறாமையையே தொட்டுண்டு சாப்பிடுங்கோ. அதுதான் நம்ம ஆத்துல வத்தாம இருக்கு" என்பாள். மூன்று நாள் அந்தத் தொக்கையே சாப்பிட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏர்பேட்டில் இரண்டு குழந்தைகளுக்குத் தங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். திலீப் என்றும் சுதீர் என்றும் தேடித் தேடிப் பெயர் வைக்கிற இந்தக் காலத்தில் சின்னசாமி என்று இரண்டு பிள்ளைகள்! காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர் ஒருவர், தன் மகள் ஆற்றில் போகாமல் பிழைத்ததற்காக ஒரு துணியில் தங்களையே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். நீலக் கடல், நாலு படகு, நடுவில் தாங்கள் மீசையோடு. மூலையில் தண்ணீருக்கு வெளியே ஒரு தலை மட்டும் தெரிகிறது. அது கோவர்தன். அன்று ஆற்றில் இறங்கி அந்தப் பெண்ணைப் பிடித்தவன் அவன். தாங்கள் கரையில் நின்று கயிறு பிடித்தவர். பார்க்க வருகிறவர்கள் அந்தத் தலையைக் காட்டி, "இது இன்னா மீனு?" என்று கேட்கிறார்கள்.

இந்த வயிற்றெரிச்சலுக்கெல்லாம் தலைவாசல் தங்கள் கயிற்று முறைதான். கயிறு எட்டினால் படகு வேண்டாம், படகு எட்டினால் நீச்சல் வேண்டாம், நீந்தியே ஆகவேண்டும் என்றால் இடுப்பில் கயிறில்லாமல் ஒருவரும் இறங்கக்கூடாது. அந்தக் கயிற்றின் மறுமுனை கரையில் ஒருவர் கையில் இருக்கவேண்டும். வந்த முதல் நாளே இதைச் சட்டமாக்கினீர்கள். நிலையப் பதிவேட்டில் மீட்டவர் பெயர் எழுதும்போது, கரையில் பிடித்தவர் பெயர் முதலில், நீந்தியவர் பெயர் அடுத்து. ஏன் என்று கோவர்தன் கேட்டதற்கு, "எறங்கினவனை ஊரே பாக்கும்பா. புட்சினு நிக்கறவனை யாரு பாக்கறாங்க? அவன் பேரை நாமதான் எழுதணும்" என்றீர்கள். நியாயம்தான். ஆனால் பெரும்பாலும் கரையில் நின்றது தாங்கள் என்பதால், பெரும்பாலும் முதலில் வந்ததும் தங்கள் பெயர்தான். இதைத் தங்கள் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை.

இனி நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கார்த்திகை வெள்ளம்.

ஸ்வர்ணமுகி கரைபுரண்டு ஓடிய காலை. ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தரைப்பாலத்தில் பால் ஆட்டோ ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. ஓட்டியவர் தப்பிக் கரையேறிவிட்டார். பால்காரர் வெங்கடம்மா மட்டும் நடு வெள்ளத்தில் ஒரு சீமைக்கருவேல மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். நாம் மூவர் போனோம். தாங்கள், கோவர்தன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமேயான ஹரிதா. நமக்கு முன்னால் டிவிக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். கோவர்தன் இடுப்பில் கயிற்றைக் கொக்கி போட்டு இறங்கினான். தாங்கள் கரையில் பிடித்தீர்கள்.

அந்த அம்மாளுக்குப் பத்தடி தூரம் இருக்கையில், தண்ணீருக்கடியில் கயிறு ஒரு முள்கிளையில் சிக்கிக்கொண்டது. அப்படிச் சிக்கினால் ஒரு கையைத் தூக்கவேண்டும். கரைக்காரர் பின்னால் இழுத்துக்கொள்வார். ஆற்றின் மேற்பக்கம் போய் மறுபடி இறங்கவேண்டும். பத்து நிமிஷம் ஆகும். கோவர்தன் கை தூக்கவில்லை. கொக்கியை அவிழ்த்துவிட்டான்.

அந்த அம்மாளின் அலறல் பொறுக்காமல் அவிழ்த்தேன் என்று நான்கு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறான். அதில் பாதி உண்மை. மறுபாதி கரையில் இருந்த கேமரா. ஒரே ஒரு தடவை, கயிறு பிடித்தவர் என்று யாரும் இல்லாமல், தன் பெயர் முதலில் வரவேண்டும் என்ற வெறி. முப்பது வருஷம் தண்ணீரில் பழகியவன், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கியதை வாங்கத் துடிக்கிற ஆளைப்போல் அவிழ்த்தான்.

மரத்தை அடைந்தான். அந்த அம்மாளைப் பிடித்தான். இரண்டு பேர் பாரம் தாங்காமல் கிளை முறிந்தது. இருவரும் போனார்கள். எங்கேயோ ஒரு கல்லில் அவன் தலை மோதியது; அதற்குப் பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாது. ஹரிதா சொல்லித்தான் தெரியும். அவிழ்த்துவிட்ட கயிறு சிக்கலிலிருந்து நழுவி வந்ததும், அதைத் தாங்கள் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றின் வளைவு வரை ஓடியிருக்கிறீர்கள். அதே கயிற்றைத் தங்கள் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஹரிதாவிடம் கொடுத்து, ஐம்பத்தாறு வயதில் அந்த வெள்ளத்தில் விழுந்திருக்கிறீர்கள். முதல் தடவை வெங்கடம்மா. இரண்டாம் தடவை, மூழ்கிப்போயிருந்த கோவர்தன்.

டிவிக்காரர்கள் வளைவுக்கு ஓடிவந்து மைக்கை நீட்டியபோது தாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, "எல்லாம் கோவர்தன்தான். அந்தம்மாவ அவருதான் இழுத்தாந்தாரு. நான் கரையில கயிறு புட்சினு இருந்தேன்" என்றீர்கள். அன்று சாயங்காலம் கோவர்தன் படம் எல்லா டிவியிலும் வந்தது. அவனுக்கு நினைவு திரும்பியதும் முதலில் பார்த்தது தன்னுடைய முகத்தைத்தான். எத்தனை வருஷம் ஏங்கியது! ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டான்.

அப்போது தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து சொன்னீர்கள்: "கயிறு அறுந்து ஆத்தோட போயிட்ச்சின்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். நீ கம்முனு இரு. அவுத்தேன்னு தெரிஞ்சா வேலையில வெக்க மாட்டாங்க. உனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கோ. கயிறுக்கு இன்னா, பொண்டாட்டி புள்ளையா இருக்குது? அது மேல போட்டுட்டேன்."

கயிற்றுக்கு இல்லை, ஐயா. கயிற்றறைப் பொறுப்பாளர் முரளிக்கு உண்டு.

தினமும் காலையில் ஒவ்வொரு கயிற்றையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையில் உருவிப் பார்த்து, ஜீப்பில் கட்டி இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் சிவப்பு நூல் கட்டி வைக்கிறவர் முரளி. அவர் நூல் கட்டிய கயிறு அறுந்தது என்று தாங்கள் எழுதினீர்கள். விசாரணை வந்தது. முரளியைக் கயிற்றறையிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் போட்டார்கள். தாங்கள் இரண்டு தடவை சித்தூர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் அவருக்காகக் கெஞ்சியது தெரியும். உண்மையைச் சொல்லாமல் கெஞ்சினால் யார் கேட்பார்கள்? தங்களிடம் குறையே கிடையாது என்று தெலுங்குப் பத்திரத்தில் வாசித்தார்கள். தமிழ் மடலில் அப்படி வாசிக்க முடியாது. ஒருவனைக் காப்பாற்றும் அவசரத்தில் இன்னொருவரை மிதித்துவிட்டீர்கள். கோவர்தனும் முரளி கேட்டில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்லாமல் இருந்தான்.

போன மாதம் கேட்டருகே முரளி கோவர்தனைப் பிடித்து நிறுத்தி, "சார், நான் பாத்த கயிறு அறுந்து போவாது சார். எப்படி அறுந்துச்சு, எங்க நைந்துச்சுன்னு நாலு வருஷமா யோசிச்சிக்கினே இருக்கேன். உங்க இடுப்புல இருந்த கயிறு. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான். 

ஆணை வந்த அன்று ஹரிதா வாழ்த்துச் சொல்ல வந்தாள். கை கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சார், திங்கக்கிழமை ஆறு பேர் புதுசா சேர்றாங்க. மொத கிளாஸ் ஸ்டேஷன் இன்சார்ஜ்தான் எடுக்கணும். கயிறைப் பத்தி."  தாங்கள் கேட்டுக்கொண்டதற்காக நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்கிற பெண், இதற்குமேல் எப்படிச் சொல்வாள்?

அறிக்கையாக எழுதிக் கொடுத்தால் போதாதா, மங்களமான இடத்தில் இதை ஏன் வாசிக்கவேண்டும் என்று கேட்கலாம். அறிக்கை அலமாரிக்குள் போகும். பாராட்டு மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நிலையச் சுவரில் மாட்டுவார்கள். கடல்காரரின் மடல் என்றால் யாரும் அதை இறக்கமாட்டார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதன் முன் நின்று படிப்பார்கள். முரளியின் பெயர் அங்கேதான் இருக்கவேண்டும் என்று கோவர்தன் முடிவு செய்தான். ஆகவே இதோ: அன்று கயிறு அறுந்துபோகவில்லை. கோவர்தன் அவிழ்த்தான். முரளி சிவப்பு நூல் கட்டிக்கொடுத்த அந்தக் கயிறுதான் மூன்று பேரைக் கரைக்கு இழுத்தது.

நேற்று மதியம் இதை எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப்பார்த்த வைஜயந்தி, "ஏன்னா, அவரைப் பத்தி எழுதச் சொன்னா உங்களைப் பத்தியே எழுதிண்டிருக்கேளே!" என்றாள். முழுவதும் படித்தபின் போய்க் காபி கலந்துகொண்டு வந்தாள். "வேலை போயிடுமா?" என்றாள். தெரியவில்லை என்றான். "போனாப் போகட்டும். ஆனா நல்ல எண்ணத்துலதான் எழுதறேள்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்கோ" என்றாள்.

அவளிடம் எதையும் மறைக்க முடியாது. நல்ல எண்ணம் கொஞ்சம் இருக்கிறது. மீதியெல்லாம் பழைய பொறாமைதான். தாங்கள் பொய் சொன்னதுகூட இன்னொருவனுக்காக. அந்தப் பொய்யின்மேல் ஏறி உட்கார்ந்து, தங்கள் நாற்காலியை ஆயுசு முழுக்கத் தேய்ப்பதா? அந்த உயரம் அவனுக்குப் பொறுக்கவில்லை. தங்களால் சொல்ல முடியாமற்போன ஒன்றை, ஒன்றையாவது, அவன் சொல்லவேண்டும். ஒரே ஒரு விஷயத்திலாவது தங்களை முந்தவேண்டும். திங்கட்கிழமை ஆணையை மேடையில் அதிகாரிகள் முன் வைத்துவிடுகிறான். அதை என்ன செய்வதென்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊழியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் வழக்கம்போல் வெற்றுத் தாளிலேயே அனைவரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று. எதில் கையெழுத்திட்டோம் என்பது இப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. அழிக்க விரும்புகிறவர்கள் சட்டம் போடுவதற்குள் சொல்லிவிடலாம். முரளி அவர்கள் மட்டும் அழிக்கவேண்டாம். அழித்தால் கோவர்தன் மறுபடி எழுதி வாங்குவான்.

மேடைக்கு இடப்பக்கம் மூன்று வரிசை நாற்காலிகள் போட்டிருக்கிறோம். தங்களால் கரையேறியவர்களுக்கு என்று ஒதுக்கியவை. பலமனேர்க்காரர் மகன் இருக்கிறார், காளஹஸ்திப் பெண் இருக்கிறாள், கன்னியாகுமரியிலிருந்து வயதான மீனவர் ஒருவர் வந்திருக்கிறார். வெங்கடம்மாவும் அங்கே இருக்கிறார். நாலு வருஷமாக ஒவ்வொரு கார்த்திகைக்கும் கோவர்தன் வீட்டுக்கு ஒரு சொம்பு நெய் கொண்டுவந்து, "எனக்கு உயிர் கொடுத்த சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர். அம்மா, அந்த நெய் சின்னசாமி அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியது. தப்பான வாசலில் கும்பிட்டுவிட்டீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மடலை வாசித்து முடித்ததும் கோவர்தன் ஊழியர் வரிசைக்குத் திரும்பப் போவதில்லை. அங்கே வந்து உட்காரப்போகிறான். தடுக்காதீர்கள்.

ஆழியும் ஆறும் அறிந்த ஐயனே! அன்னை அம்சவேணியோடு ஆண்டு பலவும் அல்லலின்றி, நோயின்றி, நொடியின்றி, நகரிக் காற்றும் நல்ல சாப்பாடுமாகத் தாங்கள் நூறாண்டு வாழவேண்டும்! முழங்கால் வலிக்கு முறையாக மருந்து சாப்பிட வேண்டும். மழைக்காலத்தில் ஏரிப் பக்கம் போய் நிற்கக்கூடாது. அங்கே யாராவது விழுந்தால் கூப்பிட நாங்கள் இருக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். கோவர்தனுக்காகவாவது தாங்கள் நீடூழி வாழவேண்டும். பொறாமைப்படத் தங்களை விட்டால் அவனுக்கு வேறு ஆள் கிடையாது.

என்றும் தங்கள் கயிற்றின் மறுமுனையில் நிற்கும்,

முரளி, கயிற்றறைப் பொறுப்பாளர்
ஹரிதா
மற்றும் புத்தூர் நீர்மீட்பு நிலைய ஊழியர்கள் ஒன்பது பேர்

இடப்பக்க நாற்காலியிலிருந்து: கோவர்தன்